எச்.டி. தொலைக்காட்சி: எந்தப் பெட்டியை முதலில் மாற்றுவது?

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த 21 அங்குல பிக்சர் டியூப் தொலைக்காட்சி 2025 தீபாவளி வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஓடுகிற பெட்டியை எதற்கு மாற்ற வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, மாற்றுவதற்கு இதுவே தக்க நேரம் என்று நான் முடிவு செய்து, 43 அங்குல ஃபுல் எச்.டி. தொலைக்காட்சி ஒன்றை வாங்கினேன். வரி பத்துப் புள்ளி குறைந்தால் விற்பனை விலையில் குறைவது ஏறக்குறைய 8 விழுக்காடுதான். 32 அங்குலப் பெட்டிகளுக்கோ 2019 முதலே 18 விழுக்காடு வரிதான் என்பதால், அவற்றுக்கு இந்தக் குறைப்பால் எந்த மாற்றமும் இல்லை. எப்படியானாலும், விலை குறைந்ததைப் பார்த்து நேரம் குறித்தது தவறு என்பது பெட்டியை மாட்டிய அன்று மாலையே தெரிந்துவிட்டது.

புதிய திரையில் படம் பழையதைவிட மோசமாக இருந்தது. முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டிருந்தன. கிரிக்கெட் மைதானத்தின் புல்தரை, பந்து ஓடும்போதெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. "இதற்கா இவ்வளவு காசு?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. காரணம் தொலைக்காட்சியில் இல்லை, அதற்குள் வரும் சமிக்ஞையில் இருந்தது. எங்கள் கேபிள் இணைப்பு எஸ்.டி. எனப்படும் சாதாரணத் தெளிவு வகை, அதில் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 720 x 576, அதாவது ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்.டி. திரையில் இருப்பதோ 1920 x 1080, ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளியை ஐந்தாக விரித்து, இடைவெளியைத் திரை தானே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. பழைய டியூப் சிறியது. கோடுகளை மென்மையாகக் கலந்து காட்டும் இயல்புள்ளது. சமிக்ஞையின் குறைகளை அது இத்தனை காலம் மூடி மறைத்திருக்கிறது.

மார்கழியில்தான் எச்.டி. செட்டாப் பாக்ஸ் வந்தது. பொருத்த வந்தவர் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. வயரையே செருகிவிட்டுப் போனார். திரையின் மூலையில் எச்.டி. என்ற எழுத்து தெரிந்தது, படம் மட்டும் முன்போலவே இருந்தது. அந்த மஞ்சள் வயர் எஸ்.டி. தரத்துக்கு மேல் எதையும் கடத்தாது என்பதை அறியாமல் இரண்டு வாரம் கூடுதல் சந்தா கட்டியிருக்கிறேன். எச்.டி.எம்.ஐ. வயரை மாட்டி, பாக்ஸின் அமைப்பில் 1080 என்று தேர்ந்தெடுத்த பிறகே வாங்கிய பொருளின் தகுதி விளங்கியது. அன்றிரவு ஒளிபரப்பான கச்சேரியில் மிருதங்கத்தின் வார்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அம்மா பாட்டை விட்டுவிட்டுப் பாடகியின் புடவை ஜரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில், ஃபுல் எச்.டி.யைப்போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே திரையை வாங்கும்படி வற்புறுத்தினார்கள். மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. சராசரிக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்தறியாது. அந்தக் கணக்கின்படி, 43 அங்குலத் திரையில் ஆறடிக்கு அப்பால் அமர்ந்தால் ஃபுல் எச்.டி.க்கும் 4கேவுக்கும் வேறுபாடு தெரிவது அரிது. எங்கள் சோபா ஒன்பதடி தள்ளி இருக்கிறது. கடைத் திரைகளில் ஓடுவது பென்டிரைவிலிருந்து வரும் விளம்பரப் படம்; அதன் கிளியும் அருவியும் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆகவே, உள்ளூர் செட்டாப் பாக்ஸை இணைத்து ஒரு செய்தி அலைவரிசையைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதே நல்லது. அந்தக் கண்ணைப் பறிக்கும் நிறமும் கடைவெளிச்சத்துக்காக வைத்தது. வீட்டில் 'சினிமா' முறைக்கு மாற்றினால் மனிதத் தோல் மனிதத் தோலாகத் தெரியும்.

குறைகளும் உண்டு. ஒலி மெலிந்தது, பழைய பெட்டியின் குரலில் பாதி கனம்கூட இல்லை. பழைய திரைப்படங்களில், பிலிம் சுருளிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்தவை அற்புதமாக இருக்கின்றன. பழைய வீடியோ நாடாவிலிருந்து எடுத்தவை, எச்.டி. அலைவரிசையில் வந்தாலும் மங்கலாகவே இருக்கின்றன.

டியூப் தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள், கேபிள்காரரிடமோ டி.டி.எச். நிறுவனத்திடமோ எச்.டி. பாக்ஸுக்கும் மாதச் சந்தாவுக்கும் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அது கட்டுப்படியானால் மட்டும் கடைக்குப் போகலாம். என் தம்பி 32 அங்குல எச்.டி. ரெடி வகையை, அதாவது 1366 x 768 புள்ளிகள் கொண்டதை, எச்.டி. பாக்ஸுடன் ஏழடி தூரத்திலிருந்து பார்க்கிறான். அதே அளவில் ஃபுல் எச்.டி. வாங்கினாலும் அவன் கண்ணுக்கு எதுவும் கூடப்போவதில்லை என்பதால், இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.