ஔ, ஓ, ஒ: ரீப்பரில் தேய்ந்த மூன்று விசைகள்

மடிக்கணினியின் கீபோர்டை மாற்றி வாங்கி வந்திருக்கிறேன். இடது கீழ் மூலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று விசைகள் மட்டும் எழுத்து அழிந்து வழுவழுவென்று ஆகி, அதில் நடு விசை அழுத்தினால் எழுந்திருக்க மறுத்தது. ஒரு விசைக்காக முழுப் பலகையையும்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். மற்ற விசைகள் புத்தம் புதிதாக இருக்க, அந்த மூன்று மட்டும் ஏன் தேய்ந்தன? வாய்ஸ் ஓவர் எடிட்டிங்தான்.

நான் எடிட் செய்வது ரீப்பரில். வின்ஆம்ப் என்ற பாட்டு பிளேயரைச் செய்த அதே ஜஸ்டின் ஃபிராங்கெலின் ஒலிப்பதிவு, எடிட்டிங் மென்பொருள், 60 நாள் சோதனைக் காலம், தனிநபருக்கு 60 டாலர். ஆனால் அதோடு வரும் ஷார்ட்கட்டுகள் இசை செய்பவர் கையை மனதில் வைத்தவை. குரல் எடிட் செய்பவருக்கு வேலை ஒன்றுதான்: கேட்பது, பிசகிய வரியைத் தூக்குவது, ஓட்டையை மூடுவது. அதையே நாள் முழுக்கச் செய்ய வேண்டும். வழக்கமான முறையில் ரிப்பிள் எடிட்டிங்கை (ஒரு துண்டை நீக்கினால் பின்னால் இருப்பது தானாக முன்னால் நகரும் வசதி) போட்டுக்கொண்டு, எஸ் அழுத்தி ஒரு வெட்டு, தள்ளிப் போய் மறுபடி எஸ், நடுத்துண்டைக் கிளிக் செய்து டெலீட். ஒரு வரிக்கு இது சரி. ஒரு மணி நேர ஒலிப்புத்தகத்துக்கு மணிக்கட்டு போய்விடும்.

அதனால் கேள்விக்குறி விசையை அழுத்தி ரீப்பரின் கட்டளைகள் எல்லாம் இருக்கும் ஆக்‌ஷன் பட்டியலைத் திறந்து மூன்று விசைகளைப் பிடித்துக்கொண்டேன். இசட் அடித்தால் 'டைம் செலக்‌ஷன்: செட் ஸ்டார்ட் பாயின்ட்', அதாவது வெட்ட வேண்டிய பகுதியின் தொடக்கம். எக்ஸ் அடித்தால் 'செட் எண்ட் பாயின்ட்', அதன் முடிவு. சி அடித்தால் நடுவில் இருப்பது போய், பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். சி விசையில் இருப்பது ஒரே கட்டளை அல்ல, பல கட்டளைகளைக் கோத்த கஸ்டம் ஆக்‌ஷன்: வெட்டு, கர்சரைக் கொஞ்சம் பின்னால் தள்ளு, மறுபடி பிளே. ஒட்டு சரியாக விழுந்ததா என்று காது உடனே சொல்லிவிடும். மவுஸைத் தொடாமலே ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். இந்தச் சுகத்துக்காகவே 60 டாலர் தரலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த வெட்டு எல்லா டிராக்குகளிலும் விழும். பின்னணி இசையைச் சேர்ப்பதற்கு முன்பே குரலை முடித்துவிட வேண்டும்.

டேப் விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த ஒலி எழும்பும் இடத்துக்குக் கர்சரைக் கொண்டுபோகும். ஆங்கில டுடோரியல்களில் அதைக் கொண்டாடுகிறார்கள். தமிழில்? 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள். 'த்' வரும்போது நாக்கு ஒலியை முழுதாக அடைத்து, ஒரு நொடித்துளி நிசப்தம், அப்புறம் 'து' வெடிக்கிறது. டேப்புக்கு அதுவே புது ஒலியின் தொடக்கம். பாட்டு, அப்பா, பக்கம், எல்லாவற்றிலும் சொல்லின் நடுவயிற்றில் போய் நிற்கும். நிசப்தத்தைத் தானாக நீக்கும் கருவிகளும் இதே காரணத்தால் தமிழில் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டியவை. கொஞ்சம் அளவு மீறினால் 'பத்து' 'பது' ஆகிவிடும்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. நான் தமிழ் தட்டுவது தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில். குரல் கொடுத்தவர் ஸ்கிரிப்ட்டில் இருக்கும் 'மேற்கொள்ளப்பட்டது' என்பதை வாய்க்கு வந்தபடி 'செய்தார்கள்' என்று மாற்றியிருப்பார். அது நன்றாகவும் இருக்கும். உடனே ஸ்கிரிப்ட்டில் திருத்த வேண்டும். திருத்திவிட்டு ரீப்பருக்கு வந்து இசட் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அந்த விசையை வழியிலேயே விழுங்கி ஔ ஆக்கியிருக்கும். எக்ஸ் ஓ ஆகும், சி ஒ ஆகும். பிசகிய வரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஔவையாரை எழுதினால் தவிர நான் தொடாத ஔ விசை இப்படிப் பழிவாங்குகிறது.

விண்டோஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் அது விண்டோஸின் சொந்த விசைப்பலகைகளுக்கு. தனியாக நிறுவிய என் தட்டச்சு மென்பொருள் எந்தச் சன்னலையும் மதிப்பதில்லை. மூன்றையும் கன்ட்ரோலோடு சேர்த்துவிடலாமே என்பார்கள். சேர்த்தால் கன்ட்ரோல் இசட் எங்கே போகும்? அதுவும் ஒற்றை விரலால் அடிப்பதை இரட்டை விரலாக்கவா இத்தனை பாடு?

இந்த எரிச்சல் உச்சத்தில் இருந்த ஒரு மாலையில்தான், யூடியூபுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவன் போனில் கேட்டான்: "அண்ணே, ரீப்பர் வாங்கலாமா?"

"வேண்டாம்டா, ஒடாசிட்டி போதும்" என்று சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை. ஒடாசிட்டியும் ஒலி எடிட் செய்யும் மென்பொருள்தான், ஆனால் இலவசம். ஓடிக்கொண்டிருக்கும்போதே சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிடும். நிறுத்திவிட்டுக் கன்ட்ரோல் கே அடித்தால் வெட்டு. படிக்கும்போதே தடுமாறினால் ஷிஃப்ட் டி: கொஞ்சம் முன்னாலிருந்து ஓட்டிக் காட்டி, அந்த இடத்திலிருந்தே மறுபடி பதிவு செய்ய விடும். பத்து நிமிட வீடியோவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அவனுக்குச் சொன்ன பதிலை மாற்றப்போவதில்லை. நான் ரீப்பரை விடப்போவதும் இல்லை.

என்னைப் போல ஒலிப்புத்தகம் எடிட் செய்து, தமிழிலும் தட்டுபவர்களுக்கு: ஆக்‌ஷன் பட்டியலில் கீ மேப்பை (எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்ற கோப்பு) எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், கணினி மாறினாலும் விசைகள் கூடவே வரும். மூன்று கட்டளைகளையும் எழுத்து விசைகளில் வைக்காமல் மேலே இருக்கும் எஃப்1, எஃப்2 வரிசைக்குக் கொண்டுபோங்கள். தட்டச்சு மென்பொருளுக்கு அங்கே வேலை கிடையாது. கை கொஞ்சம் எட்ட வேண்டியிருக்கும். நான் இன்னும் மாற்றவில்லை, விரல்கள் கேட்க மாட்டேன் என்கின்றன.