மாத்திரை நினைவூட்டும் செயலியை நிறுவும் முன்: ஓர் எச்சரிக்கை

வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டுமே என்ற கவலையில், மருந்து நேரத்தை நினைவூட்டும் இலவசச் செயலி ஒன்றை நிறுவலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு செயலியை என் தந்தைக்காகப் பல மாதங்கள் பயன்படுத்தினோம். அது அவருடைய நோய் விவரங்களை விளம்பரக்காரர்களிடம் கொண்டு சேர்த்தது. நான் அதைத் தடுத்தபோது, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நினைவூட்டலையே நிறுத்திவிட்டது.

அந்தச் செயலியால் கிடைத்த வசதி உண்மையானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமாகச் சாப்பாட்டுக்கு முன் சில, பின் சில என்று அவருக்கு மாத்திரைகள் உண்டு. மருந்தின் பெயரில் இரண்டு எழுத்தைத் தட்டினாலே முழுப் பெயரும் வந்து நிற்கும். மாத்திரை தீருவதற்குள் வாங்கச் சொல்லும். அவர் வேளை தவறினால் என் கைபேசிக்கும் தகவல் வரும். பெற்றோரை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்பவர்களுக்கு இது சாதாரண நிம்மதி அல்ல.

ஆனால் குறித்த நேரத்தில் மணி அடிக்கக் கைபேசிக்கு நேரம் தெரிந்தால் போதும். என் கைபேசிக்குத் தகவல் அனுப்புவதற்கு இணையம் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். இந்தச் செயலியோ கைபேசி எண், மின்னஞ்சல், பிறந்த தேதி, தொடர்புப் பட்டியல், இருப்பிடம் என்று அனைத்தையும் கேட்டது. கடைசி இரண்டையும் மறுத்தேன். அதன்பின் திறக்கும்போதெல்லாம் அதே கேள்வி திரையை மறைத்துக்கொண்டு வந்தது. ஒப்புதல் கேட்கும் திரையில் ‘ஏற்றுக்கொண்டு தொடர்க’ என்ற பொத்தான் பச்சை நிறத்தில் பெரிதாக இருந்தது. அதன் அடியில், வெளிர்சாம்பல் எழுத்தில், பொத்தான் என்றே தெரியாதபடி ‘விருப்பங்களை மாற்று’ என்று இருந்ததைத் தொட்டால், ‘வணிகக் கூட்டாளிகள்’ என்ற தலைப்பில் கேள்விப்பட்டிராத நிறுவனப் பெயர்கள் விரல் ஓயும்வரை நீண்டன. ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்த அனுமதி முன்கூட்டியே இயக்கப்பட்டிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்தேன். பிறகு வந்த ஒரு புதுப்பிப்பு அத்தனையையும் மீண்டும் இயக்கிவிட்டது.

விவரம் வெளியே போனது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ஜிமெயிலில் நம் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்து முகவரி கொடுத்தால், கடிதம் நம்மிடமே வந்து சேரும். எந்த இடத்தில் கொடுத்த முகவரிக்கு அது வந்தது என்பதும் தெரியும். ஒவ்வொரு சேவைக்கும் இப்படித் தனி முகவரி கொடுப்பது என் வழக்கம். இந்தச் செயலிக்கு மட்டுமே கொடுத்திருந்த முகவரிக்கு, சர்க்கரை அளவிடும் கருவி, நீரிழிவு நோயாளிகளுக்கான காப்பீடு, ‘மருந்தில்லா வைத்தியம்’ என்று வரிசையாக விளம்பரங்கள் வரத் தொடங்கின. அந்த முகவரியை வேறு எவரும் அறிந்திருக்க வழியில்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல், பயனர்களின் மருந்து விவரங்களை விளம்பர நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக, மருந்துகளுக்குத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. அந்த வழக்கு 15 லட்சம் டாலர் அபராதத்தில் முடிந்தது. மாதவிடாய்க் கணக்கு வைக்கும் ஃப்ளோ செயலி 2021இல் அதே ஆணையத்துடன் சமரசத்துக்கு வந்தது. செயலிகளை உருவாக்குபவர்கள், விளம்பர நிறுவனங்களும் பகுப்பாய்வு நிறுவனங்களும் தரும் ஆயத்த நிரல்துண்டுகளை அப்படியே உள்ளே சேர்க்கிறார்கள். பயனர் எதைத் தொட்டாலும் அது ஒரு ‘நிகழ்வாக’ அந்நிறுவனங்களுக்குப் போகிறது. கர்ப்பத்தின் வாரத்தை ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்பதை நிகழ்வின் பெயரே சொல்லிவிடும்படி ஃப்ளோவில் அமைத்திருந்தார்கள் என்று ஆணையத்தின் புகார் கூறியது. மருத்துவரிடம் சொல்வதைக் காக்கும் சட்டம், அதே விவரத்தை நாமே ஒரு செயலியில் தட்டும்போது பல நேரங்களில் பொருந்துவதில்லை. அமெரிக்காவின் மருத்துவத் தனியுரிமைச் சட்டமே மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துமே தவிர, இத்தகைய செயலிகளைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது.

எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது அடுத்து நடந்ததுதான். விளம்பரங்களைக் கண்டபின் கூட்டாளிகளுக்கான ஒப்புதலை முழுவதுமாகத் திரும்பப் பெற்றேன். செயலி வழக்கம்போலவே திறந்தது, மருந்துப் பட்டியலும் அப்படியே இருந்தது. ஆனால் மணி அடிக்கவில்லை, எனக்கும் தகவல் வரவில்லை. தகவல் வராததால், அவர் மாத்திரையைப் போட்டுவிட்டார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை அட்டையில் இரவு மாத்திரைகள் பிரிக்கப்படாமல் வரிசையாக இருந்ததைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ‘அனைத்து அனுமதிகளும் இல்லாதபோது சில வசதிகள் இயங்காமல் போகலாம்’ என்று பதில் வந்தது. நோயாளி ஒருவரின் மருந்து வேளையைப் பணயமாக வைத்து ஒப்புதல் வாங்குவதை வேறு எந்தப் பெயரில் அழைத்தாலும் அது மிரட்டல்தான். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே கருத்து இருக்கிறது.

கணக்கை நீக்கும் வழி செயலிக்குள் எங்கும் இல்லை. கணக்குத் தொடங்க வைக்கும் செயலி அதை நீக்கும் வழியையும் உள்ளேயே தர வேண்டும் என்பது 2022 ஜூன் 30 முதல் ஆப்பிளின் விதி. கூகுள் ப்ளேயும் 2023இல் இதைப் போன்ற விதியை அறிவித்தது. இவர்களோ நீக்குவதற்கு அடையாள அட்டையின் படத்தையும் முகத்தின் படத்தையும் அனுப்பச் சொன்னார்கள். கணக்குத் தொடங்கும்போது ஒரு கைபேசி எண் போதுமாக இருந்தது. நான் அனுப்பவில்லை, செயலி அங்காடியில் விதிமீறல் புகார் அளித்திருக்கிறேன்.

இத்தகைய செயலியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபையையும் அணைத்து, இணையம் இல்லாமல் அடுத்த வேளை மணி அடிக்கிறதா என்று இன்றே சோதித்துப் பாருங்கள். அடிக்கவில்லை என்றால், அந்த மணி உங்கள் கைபேசியிலிருந்து வரவில்லை. அவர்களின் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள தனியுரிமைப் பலகையில், எந்தச் செயலி எப்போது இருப்பிடத்தை எடுத்தது என்று பார்க்கலாம். விளம்பரக்காரர்கள் நம் கைபேசியை அடையாளம் காணப் பயன்படுத்தும் விளம்பர அடையாள எண்ணை நீக்கும் வசதியும் அமைப்புகளில் உண்டு. விலக நினைத்தால், முதலில் கணக்கை நீக்கக் கோருங்கள், பிறகு செயலியை அகற்றுங்கள். செயலியை மட்டும் அகற்றினால் கொடுத்த விவரங்கள் அவர்களிடமே தங்கிவிடும். ஒப்புதலை மாற்றுவதற்கு முன் மருந்துப் பட்டியலைத் தாளில் எழுதிவைத்து, கைபேசியின் சொந்தக் கடிகாரத்தில் ஒவ்வொரு வேளைக்கும் மருந்தின் பெயரோடு மணி வைத்துவிடுங்கள். இப்போது என் தந்தைக்கு அந்த மணியும், கிழமைவாரியாக அறைகள் கொண்ட ஒரு மாத்திரைப் பெட்டியும்தான். வேளை தவறினால் எனக்குத் தகவல் வராது. அதனால் இரவில் நானே அழைத்துக் கேட்டுவிடுகிறேன்.