வார்ப்பிரும்புச் சட்டியும் கறளும்: நீண்டகாலப் பாவனையின் பின்

மூடியுடன் கூடிய வார்ப்பிரும்புச் சட்டியின் விலை இறங்கியிருப்பதால் அதை வாங்கலாமா என்று மச்சாள் கேட்டிருந்தார். குடும்பமாகப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கும்போதெல்லாம் எங்கள் சமையல் பல வருடங்களாக அந்தச் சட்டியில்தான் நடக்கிறது. எடையும் கொள்ளளவும் கடையிலேயே தெரிந்துவிடும். நான் எழுத விரும்புவது கறளை, அதாவது இரும்பில் ஏறும் துருவைப் பற்றி.

மட்டக்களப்பில் நாங்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழ்கிறோம். உப்புக்காற்றில் வெற்றிரும்பு நிலைக்காது. அதன்மேல் எண்ணெய் சூட்டில் இறுகி உண்டாகும் கரும்படலமே அதைக் காக்கிறது. சட்டியுடன் வந்த தாளில் எண்ணெய் பூசிச் சூடாக்குமாறு இருந்ததே தவிர, எந்த எண்ணெய் என்று இல்லை. எங்கள் வீடுகளில் கைக்கு முதலில் வருவது தேங்காயெண்ணெய். அதில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், அது சரியாக இறுகாமல் பிசுக்காகவே நின்றுவிடும். நல்லெண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ மிக மெல்லியதாகப் பூசிச் சூடாக்கினால்தான் படலம் பிடிக்கும். தேங்காயெண்ணெயில் சமைக்கும் ஊரில் விற்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது.

அப்படிப் பிடித்த படலத்தையும் பழப்புளி அரித்துவிடும். புளி விட்ட மீன்குழம்பை இரவு முழுவதும் சட்டியில் வைத்திருந்தால், காலையில் குழம்பில் இரும்பின் வாடை ஏறியிருக்கும். சட்டியின் உட்புறமும் திட்டுத்திட்டாக வெளிறியிருக்கும். மீனும் புளியும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் என்ன சமையல்?

ஆனால் ஊர்க்கோழிக்கு இதைவிட நல்ல பாத்திரத்தை நான் கண்டதில்லை. உன்னிச்சைக் குளத்துப் பக்கம் உறவினரின் வயல்வாடியில் தங்கும்போது, மூன்று கல் வைத்துப் பாலை விறகை எரித்து, சுவாலை அடங்கித் தணலான பிறகே சட்டியை ஏற்றுவோம். இரும்பு அலுமினியத்தைவிட மெதுவாகவே சூட்டைக் கடத்தும். ஆனால் இந்தச் சட்டி கனமானதாகையால், ஏறிய சூட்டை எளிதில் விடாது. காற்றடித்து நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்தாலும், விறகு எடுக்கப் போனவர் திரும்பி வரப் பிந்தினாலும், கறியின் கொதி நிற்பதில்லை. மூடியின் விளிம்பு உயர்ந்திருப்பதால் அதன்மேலும் தணல் அள்ளிப் போடலாம். மேலும் கீழும் சூடேறி, முற்றிய கோழியின் இறைச்சி எலும்பை விட்டுக் கழரும்வரை வேகும். மூடியைக் கவைக்கம்பால் சாய்க்காமல் நேராகத் தூக்க வேண்டும். சாய்த்தால் சாம்பல் கறிக்குள் விழும். அந்தக் கணத்தில் எழும் றம்பை இலையும் வறுத்த கறித்தூளும் கலந்த வாசம் வாடியில் படுத்திருப்பவர்களையும் எழுப்பிவிடும். அதே சட்டியில் சம்பாச் சோறு ஆக்கினால் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் காந்தலுக்குப் பிள்ளைகள் சண்டையிடுவார்கள்.

சூடான சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது, வெடித்துவிடக்கூடும். பாசிக்குடாவிலோ பொத்துவில் கடற்கரையிலோ சமைத்தால் அன்றிரவே கழுவி, நெருப்பில் காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். விடியட்டும் என்று விட்டால் கறள் முந்திக்கொள்ளும்.

நியாயமாகக் கணக்குப் பார்த்தால் சட்டியின் பக்கமே தராசு தாழும். எனினும் மச்சாளுக்கு வேண்டாம் என்றே பதில் எழுதினேன். மாரி முடிந்து நேற்று அதை வெளியே எடுத்தபோது, மூடி பொருந்தும் விளிம்பு முழுவதும் செம்மஞ்சள் புள்ளிகள் பூத்திருந்தன. விரலால் தடவினால் செந்தூள் ஒட்டியது. தும்பும் சாம்பலும் கொண்டு மாலைவரை தேய்த்தேன். அவர் வீடோ கல்லடியில் கடலை ஒட்டியே இருக்கிறது. அவருக்குத் தேவைப்படும்போது எங்கள் சட்டியை இரவலாக எடுத்துப் போகட்டும். நல்லெண்ணெய் பூசித் திருப்பித் தந்தால் போதும்.