கிளிநொச்சியிலிருந்து மிருகங்கள் பார்க்கப் போவதென்றால் எந்தப் பக்கம்?

தவணை விடுமுறை நெருங்கும்போது வன்னியில் வான் பிடிக்கும் பேச்சு எழும். பிள்ளைகளுக்கு மிருகங்களைக் காட்ட வேண்டும் என்றால் பெரியவர்கள் உடனே சொல்லும் பெயர் தெஹிவளை. அவர்கள் சின்ன வயதில் போனது அங்கேதான். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் தெரிவுகள் கூடிவிட்டன. பின்னவலையில் யானைகள் சரணாலயத்தோடு ஒரு மிருகக்காட்சிசாலையும் வந்துவிட்டது. தெற்கே ரிதியகமவில் சபாரிப் பூங்கா இருக்கிறது, உடவளவையில் யானைக்குட்டிகள் வளர்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே வில்பத்து. இவை எல்லாவற்றையும் நான்கு நாளில் ஒரே வானில் சுற்றிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும். பிள்ளைகள் பாதி மிருகங்களை நித்திரையில்தான் பார்ப்பார்கள். ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

தெஹிவளையிலிருந்தே தொடங்குவோம். 1920களில் ஜேர்மனியின் ஹாகன்பெக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி, ஐரோப்பாவுக்குக் கப்பலேற்ற வேண்டிய மிருகங்களை அடைத்து வைத்திருந்த இடம் அது. 1936 இல் அரசு பொறுப்பேற்று தேசிய மிருகக்காட்சிசாலையாக்கியது. பரப்பு 20 ஏக்கரைச் சற்றுத்தான் தாண்டும். அந்தச் சின்ன இடத்துக்குள் சிங்கம், புலி, மனிதக்குரங்கு, பாம்பு, பறவை, வண்ணத்துப்பூச்சி என்று எல்லாமே நெருக்கமாக இருக்கின்றன. கைக்குழந்தையோடும் முழங்கால் வருத்தமுள்ள அம்மம்மாவோடும் போகிறவர்களுக்கு அந்த நெருக்கம் வசதி. அரை நாளில் முழுதும் பார்த்துவிடலாம், இருந்து இளைப்பாற நிழலும் உண்டு. மிருகங்களின் பக்கமிருந்து பார்த்தால் அதே நெருக்கம்தான் குறை. பழைய கூடுகளுக்குள் முன்னும் பின்னும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு மிருகத்தைப் பார்த்துப் பிள்ளை "அதுக்கு என்ன?" என்று கேட்டால், அதற்கு இடம் போதவில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு விளங்கும்.

மீன்காட்சிச்சாலைக்காக மட்டுமே தெஹிவளைக்குப் போகலாம் என்பேன். நான் எடை போடும் உள்நாட்டுத் தெரிவுகளில் மீன்கள் உள்ளது அது ஒன்றுதான். பெரிய நகரங்களில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் முல்லைத்தீவுக் கரையில் வளரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பாறை, விளமீன், திருக்கை எல்லாவற்றின் பெயரும் அதற்குத் தெரியும், ஆனால் அவற்றைப் பார்த்தது வலையிலும் கூடையிலும் கறிச்சட்டியிலும்தான். மீன் தண்ணீருக்குள் செவுளை எப்படி விரித்து மூடுகிறது, செட்டையை அசைத்து நின்ற இடத்திலேயே எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்ப்பது அந்தப் பிள்ளைக்குப் புதிய அறிவு. தொட்டிகளை வேகமாகக் கடந்து சிங்கத்தைத் தேடி ஓடாதீர்கள். ஒரு தொட்டிக்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.

அடுத்தது பின்னவலை. நமக்கு இதன் பெரிய வசதி ரயில் பாதை. வடக்குப் பாதை பிரதான பாதையோடு சேரும் சந்தி பொல்கஹவெல. அங்கே இறங்கி, கண்டிப் பக்கம் போகும் ரயிலில் மாறினால் ரம்புக்கனை கிட்டத்தில்தான். அங்கிருந்து பின்னவலைக்கு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். நீங்கள் ஏறும் ரயில் பொல்கஹவெலயில் நிற்குமா என்பதைக் கிளிநொச்சி அல்லது வவுனியா நிலையத்தில் முதலே கேட்டுவிடுங்கள். வானில் போகிறவர்கள் தம்புள்ளை, குருணாகல் வழியாகப் போய், அப்படியே கொழும்புக்கு இறங்கிவிடலாம். தெஹிவளையையும் பின்னவலையையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது இதனால்தான் சுலபம். தெற்கே ஒன்றுக்கொன்று கிட்ட உள்ள உடவளவை, ரிதியகமவைத் தவிர, மற்ற எந்த இரண்டைச் சேர்த்தாலும் வீதியிலேயே ஒரு பகல் போய்விடும்.

யானைகள் சரணாலயம் 1975 இல் தொடங்கியது. தாயை இழந்த குட்டிகளை முதலில் வளர்த்தது நமது எல்லையிலுள்ள வில்பத்துவில். பிறகு பெந்தோட்டை, தெஹிவளை என்று இடம் மாறிக் கடைசியில்தான் பின்னவலையில் நிலைத்தது. 1984 இல் அங்கே முதல் குட்டி பிறந்தது, 2021 ஓகஸ்ட் மாதம் இரட்டைக் குட்டிகளும் பிறந்தன. கண்ணிவெடியில் முன்காலை இழந்த சாமா என்ற பெண் யானையைக் காப்பாற்றி வளர்த்ததும் அங்கேதான். கால் இழந்த மனிதர்களோடு சேர்ந்து வாழும் வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போனால் அவர்கள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

காலை 10 மணியளவிலும் பிற்பகல் 2 மணியளவிலும் யானைக்கூட்டம் வீதியைக் கடந்து மகா ஓயாவுக்குக் குளிக்கப் போகும். அதுதான் பின்னவலையின் உயிர். இரண்டில் ஒன்றைத் தவறவிட்டால் போனதில் பாதி வீண், ஆகவே பயண நேரத்தை அதற்கேற்றபடி வகுக்க வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்குள்ள யானைகள் காட்டுக்குத் திரும்பப் போவதில்லை. சங்கிலி உண்டு, பாகனின் அங்குசம் உண்டு. உல்லாசப் பயணிகளின் காசைச் சுற்றியே அந்த ஊரின் பிழைப்பு ஓடுகிறது. யானையைத் தொடவும் அதோடு நின்று படம் எடுக்கவும் கூப்பிடுவார்கள். நான் வேண்டாம் என்பேன். ஆற்றங்கரையில் நின்று பார்ப்பதே போதும்.

பின்னவலை மிருகக்காட்சிசாலை 2015 இல் திறக்கப்பட்டது. சரணாலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதைப் பலர் தவிர்த்துவிட்டு யானையோடு திரும்பிவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய ஆதங்கம். கம்பிக்கூட்டுக்குப் பதில் அகழியும் மரங்களும் கொண்டு மிருகங்களைப் பிரித்து வைக்கும் திறந்தவெளி முறை இங்கே இருக்கிறது. ஹம்பேர்க் நகரில் 1907 இல் இந்த அகழி முறையைப் பெரிய அளவில் காட்டியவர் கார்ல் ஹாகன்பெக். தெஹிவளையில் மிருகம் அடைத்த அதே குடும்பம்தான். காலை தெஹிவளையும் மறுநாள் பின்னவலையும் பார்க்கும் பிள்ளைக்கு, அடைத்து வைக்கும் விதம் எப்படி மாறியது என்பதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குறை என்றால் நடை. ஏற்ற இறக்கமான நிலம், மிருகம் மரத்தடியில் படுத்திருந்தால் பொறுமையாகக் காத்திருக்கவும் வேண்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். எட்டு வயதுக்கு மேல் என்றால் தெஹிவளையைவிட இதுதான் நல்லது.

ரிதியகம 2016 இல் திறந்தது. அம்பலாந்தோட்டைப் பக்கத்தில் சுமார் 500 ஏக்கர். உங்கள் வாகனத்தை வெளியே விட்டுவிட்டு அவர்களுடைய பஸ்ஸில் ஏற வேண்டும். சிங்கம், புலி, யானை, ஆபிரிக்கத் தாவரஉண்ணிகள் என்று வலயம் வலயமாகக் கொண்டு போவார்கள். மிருகம் வெளியே, மனிதர் கூட்டுக்குள் என்பதால் பிள்ளைகளுக்குக் குதூகலம். ஆனால் கிளிநொச்சியிலிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் போய், ஒரு பஸ் சுற்றில் முடிந்துவிடும் காட்சிக்காக மட்டும் போவது என் கணக்கில் நட்டம்.

தெற்கே போவதென்றால் உடவளவை யானைக்குட்டிகள் நிலையத்துக்காகப் போங்கள், ரிதியகமவை அதோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். 1995 இல் வனசீவராசிகள் திணைக்களம் தொடங்கிய இடம் உடவளவை நிலையம். தாயை இழந்த, காயப்பட்ட குட்டிகளைக் கொண்டுவந்து, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுத்து வளர்த்து, தக்க வயதில் திரும்பக் காட்டுக்கு விட்டுவிடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவை போய்விட்டன. பார்வையாளர் தள்ளி நின்று, பால் குடிக்கும் நேரத்தில் மட்டும் பார்க்கலாம். தொட விடமாட்டார்கள், குளிப்பாட்ட விடமாட்டார்கள். மனிதரோடு பழகிய யானை காட்டில் பிழைக்காது, ஊருக்குள்தான் வரும். அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் இதுதான்.

இதைச் சற்று விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், செட்டிகுளம், மாந்தைப் பிள்ளைகளுக்கு யானை என்பது காட்சிப்பொருள் அல்ல. இரவில் தென்னங்கன்றைப் பிடுங்குவது, நெல்மூட்டைக்காகச் சுவரை இடிப்பது, அப்பா யானை வெடியோடு காவல் கொட்டிலில் விழித்திருக்கக் காரணமானது. 2023 இல் மட்டும் இந்த நாட்டில் 450க்கு மேற்பட்ட யானைகளும் 170க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் செத்துப்போனார்கள். யானையைப் பயந்து மட்டுமே வளர்ந்த பிள்ளை, தாயில்லாத குட்டி ஒன்று பாலுக்காக ஓடிவருவதைப் பார்க்க வேண்டும். அதன் தாய் எப்படிச் செத்திருக்கும் என்று அங்கே கேள்வி வரும். சுடுபட்டதும், மின்சாரக் கம்பியில் பட்டதும், தீனிக்குள் மறைத்து வைத்து வாயில் வெடிக்கும் ஹக்கபட்டாசு வெடியும் பேச்சில் வரும். பயத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, பயம் வேண்டும். ஆனால் பயத்தோடு இரக்கமும் இருந்தால்தான் நாளைக்கு அந்தப் பிள்ளை பெரிய ஆளானபின் வேலி எங்கே போடுவது, யானைப் பாதையை எங்கே விடுவது என்று நியாயமாகப் பேச முடியும். பின்னவலைக் குளிப்பு அழகு, ஆனால் இந்தக் கேள்வியை அது எழுப்பாது. தூரம் மட்டும் இல்லையென்றால் உடவளவையைத்தான் முதலாவதாக வைத்திருப்பேன்.

வில்பத்து எல்லாவற்றிலும் கிட்ட. வவுனியாவிலிருந்து அநுராதபுரம், நொச்சியாகம வழியாக ஹுனுவிலகம வாசலுக்குச் சுமார் 100 கிலோமீற்றர். விடிய முதல் வெளிக்கிட்டால் இரவு வீட்டில் படுக்கலாம். 1938 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட, இலங்கையின் மிகப் பெரிய பூங்கா. மழைநீர் தேங்கும் வில்லுகள்தான் அதன் அடையாளம். சிறுத்தையும் கரடியும் அங்கே உண்டு, ஆனால் உறுதி இல்லை. பாலைப்பழக் காலத்தில், அதாவது ஜூன் ஜூலையில், கரடி பாலை மரம் ஏறும் என்பது நம் காட்டோர ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கரடி பார்க்க அதுவே நல்ல காலம். ஜீப் வாடகையை ஆறு பேர் பகிர்ந்தால் தாங்கும், இரண்டு பேர் என்றால் கையைக் கடிக்கும். சாரதிகள் பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள், ஆகவே மொழி தெரிந்த ஒருவர் ஜீப்பில் இருப்பது நல்லது. நாள் முழுக்க மான், மயில், முதலையோடு திரும்ப வேண்டியும் வரலாம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இதற்குக் கூட்டிப்போகாதீர்கள்.

காசு இல்லாத வீட்டுக்கு இன்னொரு வழி உண்டு. மாரி காலத்தில் மன்னார் தாம்போதிக்கு முன் உள்ள வங்காலைச் சரணாலயத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. 2010 இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். பூநாரைகள் சேற்றில் நிற்பதை வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். கட்டுக்கரைக் குளத்தையும் அதே பயணத்தில் சேர்க்கலாம். சாப்பாட்டுப் பார்சலும் ஒரு தொலைநோக்கியும் இருந்தால் போதும்.

ரிக்கற் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. எங்கும் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு விலை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவுக்கு வரும் சொந்தக்காரரையும் சேர்த்துத்தான் நாம் பெரும்பாலும் போகிறோம். அவர்களுக்கு எந்த விலை என்பதை வானுக்கு முற்பணம் கொடுக்க முதலே கேட்டறியுங்கள். பூங்கா வாசலில் வைத்து மாமாவா மருமகனா காசு கட்டுவது என்று பார்ப்பது யாருக்கும் சங்கடம். பெரியவர்கள் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் எடுக்க வேண்டும்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறப்பதால் அங்குள்ள வண்டலூர் மிருகக்காட்சிசாலையையும் சிலர் கேட்கிறார்கள். 602 ஹெக்ரேயர் பரப்பு, தமிழில் விளக்கப் பலகைகள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976 இல் தொடங்கிய முதலைப் பண்ணை, கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்து போகும் கடல்மீன் காட்சியகம் என்று அந்தப் பக்கம் வளம் அதிகம்தான். வேறு அலுவலாகச் சென்னை போகிறவர்கள் இரண்டு நாள் ஒதுக்குங்கள், வண்டலூர் செவ்வாய்க்கிழமை பூட்டு. கடவுச்சீட்டும் விசாவும் எடுத்து மிருகம் பார்க்கவே போவது ஐந்து பேர் குடும்பத்துக்குக் கட்டாது.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் போடும் திட்டம் இது. அதிகாலை ரயிலில் ஏறிப் பொல்கஹவெலயில் இறங்கி, பிற்பகல் குளிப்புக்குப் பின்னவலையில் நிற்பது, அன்றிரவு ரம்புக்கனைப் பக்கம் தங்குவது. மறுநாள் காலை, மூன்று நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் பின்னவலை மிருகக்காட்சிசாலை, பிறகு கொழும்புக்கு ரயில். மூன்றாம் நாள் வாசல் திறந்ததும் தெஹிவளை, முதலில் மீன்கள். வெயில் ஏற முன் முடித்துக்கொண்டு கோட்டை நிலையத்துக்கு வந்தால் வீடு திரும்பும் ரயிலைப் பிடிக்கலாம். ரயில் இருக்கைகளை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், நீண்ட விடுமுறையில் கடைசி நேரத்தில் கிடைக்காது.