முடியாத நோய்க்கு எந்த மருத்துவமனை? குடியாத்தத்திலிருந்து ஒரு கணக்கு

என் அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருப்பது தெரிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு ஆண்டுகள் தனியார் மருத்துவமனை ஒன்றில் பார்த்தோம். அதன் பிறகு ஊருக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாத்திரைக்கு மாறிவிட்டோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அடுக்கம்பாறையிலுள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் முழுப் பரிசோதனை செய்துகொள்கிறோம். வாழ்நாள் முழுவதும் மருந்து கேட்கும் நோய்க்கு அரசு மருத்துவமே சரி என்பது இரண்டையும் பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட முடிவு.

தனியாரில் கூட்டம் குறைவு, மருத்துவர் உட்கார வைத்துப் பேசுவார், மாலையிலும் பார்க்கலாம். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை என்று காலை முழுவதும் போய்விடும். இவை எல்லோரும் அறிந்தவை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தொடர்செலவைப் பற்றி.

அறுவை சிகிச்சை ஒரு முறை வரும் செலவு. நகையை அடகு வைத்தாவது சமாளித்துவிடுகிறோம். மாத்திரைச் செலவு அப்படி வந்து போவதில்லை. மருத்துவர் கட்டணம், மாத்திரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து, தனியாரில் பார்த்தபோது எங்களுக்கு மாதம் சுமார் 2,000 ரூபாய் ஆனது. கைத்தறியில் கைலி நெய்யும் அப்பாவுக்கு அது ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. அந்தத் தொகையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அரசின் விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அத்தியாவசிய மருந்துகளின் உச்சவரம்பு விலையே 2022 ஏப்ரலில் 10.7 சதவீதமும், 2023 ஏப்ரலில் 12 சதவீதமும் உயர அனுமதிக்கப்பட்டது. பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையை நிறுவனங்கள் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ளலாம். தனியார் மருந்துச் சீட்டுகளில் அதிகம் காணப்படும், பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரைகளில் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நெசவுக்கூலி இப்படி ஆண்டுதோறும் உயர்வதில்லை.

பணம் போதாத மாதங்களில் என்ன நடந்தது என்பதுதான் என் மனத்தை மாற்றியது. தறிக்குப் பாவு (நெய்வதற்கான நீள நூல்) வராமல் வேலை நின்ற வாரங்களில் அப்பா மாத்திரையை உடைத்துப் பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டபோது, “பாவு வரட்டும்பா, அதுவரைக்கும் அரை மாத்திரை போதும்” என்றார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. மருந்து போதவில்லை என்று கருதிய மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். செலவு மேலும் கூடியது. அரை மாத்திரை விஷயத்தை அப்பா அவரிடம் சொல்லவில்லை, வெட்கப்பட்டார். மருத்துவர் கண்ட எண்ணுக்கு ஏற்றபடிதான் எழுதினார். விலை என்ற ஒன்று இடையில் நின்றதால், நல்ல மருந்தும் நல்ல மருத்துவரும் இருந்தும் வைத்தியம் பலிக்கவில்லை.

அரசு நிலையத்தில் சர்க்கரைக்கான அதே மெட்ஃபார்மினும் இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபினும் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவச மருந்து தரம் குறைந்தது என்ற எண்ணம் எங்கள் தெருவில் இன்றும் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. மருந்து வாங்கும் முறையை அறிந்தபின் அது மாறியது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில் மொத்தமாக மருந்து வாங்குவதால் விலை வெகுவாகக் குறைகிறது. வந்த மருந்தின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவையானதை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் இந்த முறையைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன என்பதை அறிந்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இலவசம் என்றாலும் வரிசையில் நின்று அரை நாள் கூலி போவது உண்மையான செலவு. அதைக் கணக்கில் சேர்க்காமல் அரசு மருத்துவத்தைப் புகழ்வது நியாயமாகாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தக் குறையைத்தான் தொடுகிறது. தன்னார்வலராக வரும் பெண் வீட்டுத் திண்ணையிலேயே இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தந்துவிட்டுப் போகிறார். அப்பா இப்போது ஒரு வேளையும் தவறவிடுவதில்லை.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கும்போது தனியாருக்கே போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் அந்தத் திட்டம் பெரிய சிகிச்சைக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றாடம் விழுங்கும் சர்க்கரை மாத்திரையை மருந்துக் கடையில் வாங்க அந்த அட்டை பயன்படாது. எங்கள் கணக்கில் ஓட்டை விழுந்ததோ அந்த இடத்தில்தான்.

வேலூரைப் பற்றிப் பேசிவிட்டு சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சொல்லாமல் விட முடியாது. 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடத்துக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வருகிறார்கள். அது அரசுடையதும் அல்ல, லாபத்துக்கு நடத்தப்படுவதும் அல்ல. ஆகவே இந்த ஒப்பீட்டில் அதை எந்தத் தட்டிலும் வைக்க முடியவில்லை. என்ன நோய் என்றே பிடிபடாத நிலையில் நானும் அங்குதான் ஓடுவேன்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு இன்னும் இன்சுலின் தேவைப்படவில்லை. பேனா வடிவ இன்சுலினுக்கோ புதிய விலையுயர்ந்த மாத்திரைகளுக்கோ பழகியவர்கள் மாறுவதற்கு முன், தங்கள் மருந்து அரசு நிலையத்தில் உண்டா என்று சீட்டைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. புற்றுநோய், இதய அடைப்பு போன்றவற்றில் எங்கள் குடும்பத்துக்கு அனுபவம் இல்லாததால் அவற்றுக்கு இந்த முடிவை நான் நீட்டிக்கவில்லை. மாறுகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்திருந்தால் அதையும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்பா அதைச் சொன்ன அன்றுதான், தேவையில்லாமல் சேர்ந்திருந்த அந்தக் கூடுதல் மாத்திரை சீட்டிலிருந்து நீங்கியது.