நம்ம ஊர் பழைய காகிதம் தேட லைடனா, ஆர்கைவ்ஸ் ஹப்பா?

நான் மன்னார்குடிக்காரன், டெல்டா பக்கத்து பழைய ரெக்கார்டு தேடுறதுல கொஞ்சம் கிறுக்கு. வெளிநாட்டு பல்கலைக்கழக லைப்ரரி நிறைய ஆர்கைவ் கேட்டலாகை ஆன்லைன்ல போட்டிருக்காங்க, ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு, அதான் நான் அதிகம் பொழங்குற ரெண்டை மட்டும் சொல்றேன்.

மொதல்ல நெதர்லாந்து லைடன் பல்கலைக்கழக லைப்ரரி. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஆனைமங்கலம் செப்பேடு, 21 ஏடு, இங்கதான் போய் சேந்துச்சு, நாமளும் அதை லைடன் செப்பேடுன்னே சொல்லி பழகிட்டோம். இங்க பேரை வச்சு தேடுறதை விட நம்பர் வச்சு தேடுறதுதான் சுளுவு: இந்த பெரிய செப்பேடு ஓஆர் (Or.) 1687, குலோத்துங்கன் காலத்து சின்ன செப்பேடு ஓஆர் 1688. ஸ்கேன் ஆனதை டிஜிட்டல் கலெக்‌ஷன்ஸ்ல உக்காந்த எடத்துலேர்ந்தே ஜூம் பண்ணி பாக்கலாம், அது பெரிய ப்ளஸ். ஆனா நாகப்பட்டினத்துல டச்சுக்காரன் இருந்த கம்பெனி கணக்கு வழக்கெல்லாம் இங்க கெடைக்கும்னு வந்தீங்கன்னா ஏமாந்துருவீங்க, அது ஹேக்ல இருக்கற அவங்க தேசிய ஆவணக்காப்பகத்துல, ஒரு பங்கு நம்ம சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துலயே இருக்கு.

அடுத்தது ஆர்கைவ்ஸ் ஹப். இது ஒரே லைப்ரரி இல்ல, பிரிட்டன்ல இருக்கற நெறைய பல்கலைக்கழகம், காலேஜ் ஆர்கைவோட விவரக்குறிப்பை ஒரே எடத்துல தேடுற வசதி. எங்க ஊர் ஃபின்லே ஸ்கூல் ஆரம்பிச்ச வெஸ்லியன் மிஷன் இருக்கே, அவங்க காகிதமெல்லாம் லண்டன் சோஆஸ் (SOAS) பல்கலைக்கழக லைப்ரரியில. தஞ்சாவூர்ல வேலை பாத்த எஸ்பிஜிங்கற (SPG) இங்கிலாந்து திருச்சபை மிஷனோட ஆர்கைவ் ஆக்ஸ்போர்டு போட்லியன் லைப்ரரியில, அதுக்கு அவங்க சொந்த கேட்டலாகையும் ஒரு தடவை பாத்துருங்க.

பெரும்பாலும் ஹப்ல கெடைக்கறது குறிப்பு மட்டும்தான், கடுதாசி பொட்டிக்குள்ளதான் கெடக்கும். எந்த பொட்டி, எந்த வருஷம், யார் எழுதுனதுன்னு ரெண்டு வரி, அவ்ளோதான். ஆனா அந்த ரெண்டு வரிக்கு மேல ஒரு கிளை இருக்கும் பாருங்க, அதை க்ளிக் பண்ணி ஒரு படி மேல ஏறுனா பக்கத்து ஃபைலெல்லாம் தெரியும், எனக்கு உருப்படியா சிக்குனது எல்லாமே அப்படி அக்கம்பக்கம் மேஞ்சதுதான், நேரா தேடி கெடைச்சது கம்மி.

ரெண்டுலயுமே கழுத்தறுக்கறது ஸ்பெல்லிங்தான். ஒரு ராத்திரி முழுக்க தரங்கம்பாடின்னு இப்ப எழுதற மாதிரியே அடிச்சுட்டு ஒண்ணும் வரலையேன்னு உக்காந்திருந்தேன், என் மடத்தனம், அவன் ட்ராங்குபார்னு எழுதி வச்சிருக்கான். கும்பகோணம் கே-ல இல்ல சி-ல ஆரம்பிக்கும், கொள்ளிடம் கோல்ரூன், திருச்சி ட்ரிச்சினாபோலி. 1845ல டேனிஷ்காரன் தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டான், அதனால அந்த வருஷத்துக்கு முன்னாடி சங்கதின்னா டென்மார்க் பக்கமும் ஒரு எட்டு பாக்கணும்.

என்னைக் கேட்டா, எதை தேடுறோம்னே தெரியாதப்ப ஹப், இன்ன பொருள்னு தெரிஞ்சா லைடன். ஹப்ல ஏதாவது கண்ணுல பட்டா ரெஃபரன்ஸ் நம்பரை நடுவுல வர்ற ஸ்லாஷ் கூட விடாம காப்பி பண்ணி அந்த லைப்ரரிக்கே மெயில் போடுங்க, காப்பிக்கு எவ்ளோ ஆகும்னு அதுலயே கேட்டுக்கலாம்.