போஸ்டரில் 50 குதிரை, என் கரிசலில் 39

போன புரட்டாசியில் புது டிராக்டர் எடுத்தேன். கம்பெனி பெயரோ ஷோரூம் பெயரோ இங்கே போடப் போவதில்லை. வம்பு வேண்டாம் என்பது ஒரு காரணம். எல்லா போஸ்டரும் கிட்டத்தட்ட இதே லட்சணம்தான் என்பது இன்னொன்று. கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசல், 11 ஏக்கர். உளுந்தும் மக்காச்சோளமும் போடுவோம். சொந்த உழவு போக மீதி நாளில் வாடகைக்கு ஓட்டி தவணையைக் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

"அண்ணாச்சி, கண்ணை மூடிட்டு எடுங்க. 50 குதிரை. 7 அடி ரோட்டவேட்டரைப் பூ மாதிரி இழுக்கும். மணிக்கு நாலு லிட்டர் தாண்டாது" என்றார் ஷோரூம் தம்பி. குதிரை என்றால் ஹெச்.பி., இன்ஜினின் சக்தி. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறிக் கட்டி உடைக்கும் அந்த ரோட்டவேட்டரையும் சேர்த்தே தலையில் கட்டினார்கள்.

டெமோ காட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எங்கே காட்டினார்கள் என்பதுதான் விஷயம். ரோட்டோரம் ஒரு செம்மண் புஞ்சை, ஏற்கெனவே இரண்டு சால் ஓட்டிப் பொலபொலவென்று கிடந்தது. ஒன்பது கொழு கலப்பையை மாட்டி நாலு விரல் ஆழம் கீறிக்கொண்டு ஓடியது. அந்த மண்ணில் என் மாட்டு வண்டியே உழும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

முதல் மழை பெய்து, கால் ஒட்டாத பதம் வந்த நாலாம் நாள் என் காட்டில் ரோட்டவேட்டரை இறக்கினேன். பத்தடி போகவில்லை, இன்ஜின் சத்தம் கம்மியது. சைலன்சரில் கரும்புகை. கியரைக் குறைத்தேன், ஆழத்தைக் குறைத்தேன். அப்புறம் ஓடியது, ஆனால் கட்டி உடையாமல் மேல்மண்ணை மட்டும் பிறாண்டிக்கொண்டு ஓடியது. மணிக்கு ஒன்றரை ஏக்கர் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். எனக்கு ஒரு ஏக்கருக்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எங்க சித்தப்பா, "ஏலே, அம்பதுல பாதி குதிரையை ஷோரூம்லயே கட்டிப்போட்டுட்டு வந்துட்டியா?" என்றார்.

டீசல் கணக்கைச் சொல்கிறேன். டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, கைக்கடிகாரம் பார்த்து 5 மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி கழுத்து வரை நிரப்பினேன். 32 லிட்டர் பிடித்தது. மணிக்கு ஆறு லிட்டருக்கு மேல். ஷோரூமில் சொன்னதற்கு, "மீட்டர்ல எத்தனை மணி காட்டுது அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். 6.1 காட்டியது. "அப்போ அஞ்சு லிட்டர் சொச்சம்தானே!"

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் ஞானம் பிறந்தது. பல வண்டிகளில் இருக்கும் மணி மீட்டர் கடிகாரம் இல்லை. இன்ஜின் சுற்றுவதை எண்ணுகிற பெட்டி. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இன்ஜின் ஓடினால்தான் அதன் ஒரு மணியும் நம் ஒரு மணியும் ஒன்று. ஆக்சிலேட்டரைத் தூக்கி வைத்து ஓட்டினால் மீட்டர் முந்திக்கொண்டு ஓடும். 5 மணி நேரம் 6 மணி நேரமாகிவிடும், லிட்டர் கணக்கும் தானாக இளைத்துவிடும். வாடகைக்கு வண்டி கூப்பிடுகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். (வாடகைக்கு ஓட்டுகிற நானே இதை எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.)

வேளாண் பொறியியல் துறை ஆபீஸுக்கு வேறு வேலையாகப் போனபோது, அங்கிருந்த பொறியாளர் ஒருவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "டெஸ்ட் ரிப்போர்ட் பார்த்தீங்களா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டரை அங்கே கொண்டுபோய் முறைப்படி சோதித்து அறிக்கை போடுகிறார்கள். நிலையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. காலேஜில் படிக்கும் மகன் என் மாடலுக்கானதைத் தேடி எடுத்து வாசித்துச் சொன்னான்.

அதில் எல்லாம் கிலோவாட் கணக்கு. 0.7355-ஆல் வகுத்தால் நம் குதிரை வரும். வண்டியின் பின்னால் கருவியைச் சுற்ற வைக்கும் பி.டி.ஓ. தண்டில் அதிகபட்சம் 31.4 கிலோவாட், அதாவது 42.7 குதிரை. போஸ்டரில் இருக்கும் 50 என்பது இன்ஜினின் சக்தி. கியர், கிளட்ச் எல்லாம் தின்றது போக பின்னால் தண்டில் வருவது இவ்வளவுதான். இதில் மோசடி எதுவும் இல்லை, எந்த வண்டிக்கும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் ரோட்டவேட்டரைச் சுற்றுவது அந்தத் தண்டுதானே, போஸ்டர் இல்லையே.

இன்னும் கேளுங்கள். அந்த 42.7-ம் இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. ரோட்டவேட்டருக்குத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். என் வண்டியில் அந்த 540 வரும்போது இன்ஜின் வேகம் 1800-தான், முழு வேகம் 2100. அந்த நிலையில் ரிப்போர்ட்டில் இருந்தது 28.9 கிலோவாட். வகுத்துப் பார்த்தால் 39 குதிரை சொச்சம். 43 டிகிரி வெக்கையில் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. அதில் அதிகபட்ச சக்தியே இரண்டு குதிரைக்கு மேல் இறங்கியிருந்தது. நம் ஊர் கோடை உழவுக்கு அதுதான் நிஜக் கணக்கு.

இழுவைச் சோதனை நடப்பது கான்கிரீட் தளத்தில். தூக்கும் திறன் 2000 கிலோ என்கிறார்களே, அது கருவியை மாட்டும் கீழ்க்கை நுனியில் அளந்தது. பாரம் அதற்கு இரண்டடி பின்னால் போனால் கிலோ இறங்கிவிடும். ரோட்டவேட்டரைத் தூக்குவதில் என் வண்டிக்குச் சிரமமில்லை, அதனால் அதில் எனக்குச் சண்டையும் இல்லை.

மாடல் பெயரில் இருக்கும் எண்ணை ஹெச்.பி. என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டருக்குப் புகை விதி கடுமையாகிவிட்டது. அதற்கேற்ற இன்ஜினுக்கு விலை ஏறும். அந்த 50 ஹெச்.பி. எல்லையை ஒட்டி நிற்கும் வண்டியை வாங்கும்போது கொட்டேஷனிலும் ஆர்.சி.யிலும் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

அமெரிக்காவில் இது நூறு வருஷத்துக்கு முந்திய சண்டையாம். நெப்ராஸ்காவில் வில்மாட் குரோசியர் என்றொரு விவசாயி, ஃபோர்டு என்ற பெயரைப் பார்த்து ஒரு டிராக்டர் வாங்கினார். அது ஹென்றி ஃபோர்டின் வண்டியே இல்லை. மின்னியாபொலிஸில் வேறொரு கம்பெனி, ஃபோர்டு என்ற பெயருள்ள ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரில் விற்றது. நொந்துபோனவர் சட்டமன்ற உறுப்பினராகி, சோதனையில் தேறாமல் எந்த டிராக்டரும் விற்கக் கூடாது என்று 1919-ல் சட்டமே கொண்டுவந்துவிட்டார். நான் ஷோரூமில் சத்தம் போட்டதோடு சரி.

அந்தச் சத்தத்துக்குக் கிடைத்தது இரண்டு இலவச சர்வீஸ். கூடவே மெக்கானிக் ரகசியமாக, "டீசல் பம்பைக் கொஞ்சம் ஏத்தி வச்சுத் தரட்டுமா, சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். தயவுசெய்து இதற்குத் தலையாட்டாதீர்கள். டீசல் கூடப் போகும், இன்ஜின் சூடேறும், நாளைக்கு ஏதாவது என்றால் "பம்பில் கை வச்சிருக்கீங்க" என்று வாரண்டி கிடையாதென்று கையை விரித்துவிடுவார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். வாடகைக்கு ஓட்டுவதால் வணிக நோக்கம், நாம் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும், பிழைப்புக்குத்தான் என்று நாம் நிரூபிக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்றார். அதைவிட, வாய்வார்த்தையாகச் சொன்ன எதையும் நான் எழுதி வாங்கவில்லை. போட்டிருந்தாலும் எதைக் காட்டுவேன்?

இப்போது மச்சான் ஒருத்தன் வண்டி எடுக்கப் போகிறான். டெமோ உன் காட்டில், உன் மண் பதத்தில், நீ மாட்டப்போகிற கருவியோடு, குறைந்தது ஒரு ஏக்கர், டேங்க் நிரப்பி நிரப்பி அளந்து, கைக்கடிகாரம் பார்த்து என்று சொல்லி அனுப்பினேன். போன வாரம் ஷோரூமில் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டிருக்கிறான். "அது கவர்மெண்டு பேப்பர் அண்ணாச்சி, நமக்கெதுக்கு" என்று டீ வாங்கிக் கொடுத்தார்களாம். டீயைக் குடித்துவிட்டு அடுத்த ஷோரூமுக்குப் போயிருக்கிறான்.

நான் 5 அடி ரோட்டவேட்டருக்கு மாறிவிட்டேன். பழைய 7 அடி வேப்பமரத்தடியில் நிற்கிறது, ஒரே சீசன் ஓடியது, கத்தி புதுசு மாதிரி இருக்கிறது. வேண்டுவோர் கேட்கலாம். உங்கள் வண்டி எத்தனை ஹெச்.பி. என்று நான் கேட்க மாட்டேன், பி.டி.ஓ.வில் எத்தனை என்று கேட்பேன்.